நிலவின் பள்ளத்துக்கு நீல நிறம்

ஜெர்மனியில் மழை பெய்தால் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். இந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று கவலைப்பட நான் ஒருத்திதான். அந்தக் கவலையோடுதான் அலுவலகத்திலும் மாட்டிக்கொண்டேன். நிலவின் தென்துருவத்தில் கலம் இறங்க இடம் தேடி, மேடு, சரிவு, நிழல் என்று அடுக்கடுக்காகக் கணினியில் வரைபடம் போடுவது என் வேலை. தாழ்ந்த இடத்துக்கெல்லாம் நீலம் பூசியிருந்தேன். உடன் வேலை செய்யும் ஆன்கே ஓடி வந்தாள்.

"இங்கெல்லாம் பனிக்கட்டி இருக்கிறதா?"

"இல்லை, பள்ளம்."

"பிறகு ஏன் நீலம்?"

"பள்ளமென்றால் தண்ணீர் வருமே."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். சாம்பல் நிறத்துக்கு மாற்றச் சொன்னாள்.

சென்னைப் புறநகரில், ஏரிக்கரைப் பருத்திப்பட்டில் பிறந்தவளுக்கு அது ஜோக் அல்ல. போன வருடம் அண்ணன் பக்கத்துக் கள்ளிக்குப்பத்தில், ஏரியாக இருந்த இடத்தில் தரைத்தள வீடு பார்த்தபோது, இணையத்தில் கிடைத்த உயர அளவுகளை வைத்து அந்தப் பகுதிக்கும் ஒரு வரைபடம் போட்டு அனுப்பினேன். மொத்தமும் நீலம். உடனே போன் செய்தான். "இன்னா பாப்பா, ஊட்ல அல்லாரும் டைல்ஸுக்கு கலர் பாத்துகினு கீறோம், நீ நீலம் அடிச்சு அனுப்புற? நீ நிலாவுல பள்ளத்தப் பாரு, போதும்." வாங்கிவிட்டான்.

ஆன்கே சிரித்துவிட்டுப் போன அதே மதியம் அவனிடமிருந்து வீடியோ அழைப்பு. முழங்காலளவு தண்ணீரில் நின்றிருந்தான். பின்னால் கட்டில்மேல் அம்மா. அவளால் தானாக நடக்க முடியாது.

"தண்ணி ஏறிகினே கீது பாப்பா. கோயில் தெரு மேடா, ஸ்கூல் தெரு மேடா? சட்னு சொல்லு, அம்மாவத் தூக்கினு போவணும்."

வரைபடத்தைத் திறந்தேன். இரண்டு தெருவும் ஒரே கட்டத்துக்குள் கிடந்தன; கட்டத்துக்கு ஒரே ஒரு உயரம்தான். திரையில் பக்கத்து ஜன்னலில், நிலவின் ஒவ்வொரு பாறைக்கும் தனித்தனி நிழல்.

"தெரியலண்ணா."

"அன்னிக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

"அவளை இன்னாத்துக்குடா கேக்குற," என்றாள் அம்மா. "அவ நிலாவுல கீறா."

அழைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணிகூட அடிக்கவில்லை. எந்தத் தெரு என்று யார் சொல்லியிருப்பார்கள்? நாம் ஏரியை மனை போட்டு விற்றோம். அளந்து வைக்க மறந்தோம். மனிதர் யாரும் கால் வைக்காத இடத்தை மட்டும் பாறை பாறையாக அளந்தாயிற்று. அப்படி அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆன்கே மறுபடி வந்து எட்டிப் பார்த்தாள். நிலவைச் சாம்பலாக்கினேன். இன்னும் கிளம்பாத ஒரு கலத்துக்கு நனையாத இடம் குறித்தாயிற்று. பக்கத்து ஜன்னலில் அந்த ஒற்றைக் கட்டம் நீலமாகவே இருந்தது. அதற்குள் எங்கோ அண்ணன், அவன் தோளில் அம்மா.