தலைமை: ரெங்கம்மாள்

மைக் கைக்கு வந்தால் எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். ரெங்கம்மாள் ஊதிப் பார்ப்பாள். அடுப்பு ஊதிப் பழகிய வாய். அந்த 'ப்பூ' நாலு தெருவுக்குக் கேட்கும். பிறகு சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஏப்பத்தை மட்டும் முகத்தைத் திருப்பி விடுவாள். "மரியாத தெரியாதவள்னு சொல்லிடக் கூடாது பாருங்க!"

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே விவசாயக் கூலிகளின் தெருவில் சீர்திருத்தக் கல்யாணம் என்றால் நோட்டீசில் தலைமை அவள்தான். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. தலைமை தாங்குகிறவர் பேசி முடித்துத் தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அரசாங்கமே செல்லும் என்று சட்டம் போட்டுவிட்டது. மற்ற ஊர்களில் கட்சிக்காரர்களும் வாத்தியார்களும் உட்காருகிற நாற்காலியில் நடவுக்காரி ஒருத்தி உட்காருவதைப் பார்க்கவே கூட்டம் வரும்.

அறுப்புக் கூலித் தகராறில் பண்ணையின் ஆட்கள் அடித்து அவள் புருஷன் செத்தான். காரியம் முடிந்த கையோடு சங்கக் கூட்டத்துக்குப் போய் அவன் இடத்தில் உட்கார்ந்தவள் இவள். பூ வைப்பதையும் விடவில்லை. யாராவது முறைத்தால், "பூ என்ன, அவரா கொண்டாந்தாரு? சின்னப்புள்ளையிலேருந்து நான் வச்சுக்கிட்டு வர்றது" என்பாள்.

மேடையில் அவளுக்கு உபதேசம் வராது, கேள்விதான் வரும். மாப்பிள்ளை மைக்கிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

"ஏம்ப்பா, நாள்பூரா குனிஞ்சு நட்டுட்டு வர்றா. இடுப்பு விட்டுப்போச்சுங்கிறா. அன்னிக்கு யாரு ஒல வைக்கிறது?"

மாப்பிள்ளை நெளிவான். "நான்..."

"கடைசி வரிசைக்குக் கேக்கலையாம்."

"நான்தாங்க!"

பெண்கள் பக்கமிருந்து குலவை எழும். ஊரே சாட்சியாகிவிட்டபின் அந்தப் பையன் எங்கே தப்பிப்பது?

போன தையில் வைரக்கண்ணு என்கிற பையனுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண்ணின் தாய் காத்தாயி ரெங்கம்மாளைத் தேடி வந்தாள். அவளும் புருஷனை இழந்தவள். இருவரும் பாவாடை கட்டிய வயதிலிருந்து ஒரே வயலில் நடவு நட்டவர்கள்.

"அக்கா, நீ வந்து பேசு, வேணாங்கல. தாலிய மட்டும் வேற யாராச்சும் எடுத்துக் குடுக்கட்டும். தாலியறுத்த கை படக் கூடாதுக்கா. எம்மவளுக்கு என் கதி வந்துறக் கூடாது. நானே மேடப் பக்கம் வரப் போறதில்ல. சமையலப் பாத்துக்கிட்டு இருந்துர்றேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ரெங்கம்மாள் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். ஒரே மகள் கல்யாணத்தை அடுப்படியில் ஒளிந்துகொண்டு காதால் கேட்கப் போகிறவளிடம் என்ன சண்டை போடுவது? அவளுக்கு அழுகைதான் வந்தது. "சரி, நான் தாலியத் தொடல" என்று வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் கேள்வியும் சிரிப்பும் முடிந்து தாலித் தட்டை அவள்முன் நீட்டினார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தாலி எடுத்துக் குடுக்குறது தலைவரு வேலதானே? இந்தக் கல்யாணத்துத் தலைமைய நான் காத்தாயிக்கு மாத்திட்டேன். சேத்துல நின்னு இந்தப் பொண்ண வளத்த கை ஆகாதுன்னா, வேற எந்தக் கைங்க ஆகும்?"

மணப்பெண் சட்டென்று எழுந்து அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"அம்மா, நீ எடுத்துக் குடு. இல்லாட்டி எனக்கு வேணாம்."

கிழவிகள்தான் முதலில் குலவையிட்டார்கள். காத்தாயி அடுப்படியிலிருந்து வந்து பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயம், அதைவிடப் பெரிதாக ஆசை. வந்துவிடலாமா என்று ஓர் அடி வைத்தவள், புளி கரைத்த கைகளைப் பார்த்துத் தயங்கினாள்.

ரெங்கம்மாள் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அன்றைக்கென்று கட்டியிருந்த புதுச்சேலையின் முந்தானையை இழுத்து, அந்தக் கைகளை விரல் விரலாகத் துடைத்துவிட்டாள்.