அடுக்களைப் பேச்சில் வந்த பிரேசில்

ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம் அது. உலக வியாபார மந்தம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. பினாங்கில், பீச் தெருவில் இருந்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் கணக்கெழுதும் இளைய கிராணியாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று, கதவைத் திறந்தால் கிடங்கிலிருந்து புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் நெடி. அந்த நெடி இப்போது எங்கேயாவது மூக்கில் பட்டாலும் போதும், எனக்கு இருபது வயதாகிவிடுகிறது.

அப்போது எங்கள் பேச்செல்லாம் பிரேசில். யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அங்கே காட்டை வெட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் நட்டிருக்கிறதாம். ஆற்றங்கரையில் ஊரையே கட்டிவிட்டதாம், சொந்தக் கப்பலாம், மரம் அறுக்கும் ஆலையாம். நாங்கள் கித்தா என்று சொல்லும் இந்தப் பால்மரத்துக்குப் பிறந்த வீடு பிரேசில்தான். விதை அங்கிருந்து வந்ததுதான். பிறந்த வீட்டிலேயே, இவ்வளவு பணத்தோடு நட்டால் கேட்க வேண்டுமா? இன்னும் சில வருஷத்தில் மலாயா ரப்பரை ஏறெடுத்துப் பார்க்க ஆளிருக்காது என்று பத்திரிகைகள் எழுதின. சூலியா தெருவில் நாங்கள் டீ குடிக்கும் கடைக்கார அண்ணன் ஒருநாள், "கித்தா போச்சுன்னா கிராணிமார் எல்லாம் நம்ம கடைக்கு வந்துருங்க லா. கிளாஸ் கழுவ ஆள் தேவைப்படுது" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் யாருக்கும் டீ ருசிக்கவில்லை.

எனக்கு மட்டும் பயத்தோடு கூட ஓர் ஆசையும் இருந்தது. கட்டிலுக்கு மேலே பிரேசில் தேசப்படத்தை ஒட்டிவைத்திருந்தேன். அந்தப் பெரிய ஆற்றில் கப்பலில் போவதாகக் கனவுகூடக் கண்டதுண்டு.

என் அக்காவுக்கு அப்படி ஆசைப்பட வசதியில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது பினாங்குத் தீவுக்கு எதிரே அக்கரையில், சுங்கை பாக்காப் பக்கம். மச்சான் அங்கே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். கல்யாணத்துக்குப் போட்ட நகையெல்லாம் சில ஏக்கர் நிலமாகி, நிலத்தில் வீடும் பால்மரமுமாகி நின்றது. அடுத்த வருஷம் பால் வெட்டுக்கு வந்துவிடும் என்கிற பருவம். அந்த நேரத்தில்தான் பிரேசில் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்தது. பக்கத்து நிலத்துச் சீன முதலாளி, தவுக்கே, தன் நிலத்தோடு சேர்த்துக்கொள்கிறேன் என்று நியாயமான விலைக்கே கேட்டார். விலை விழுந்த பிறகு சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது, இப்போதே தள்ளிவிடலாம் என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை நிலக் கந்தோரில் கையெழுத்து.  அக்கா மரத்தடியில் புல் பிடுங்குவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வாரம்தான் எங்கள் ஆபீசுக்குப் பிரேசிலே நேரில் வந்து நின்றது.

பத்திரிகைகள் எழுதிய அதே கம்பெனியின் துரை ஒருவர், மலாயாவில் நன்றாகப் பால் தரும் ரகங்களின் கன்றுகளை வாங்கிப் போக வந்திருந்தார். கூடவே அவர்கள் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் பிரேசில்காரர் ஒருவர். என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பார். சுருட்டை முடி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. துரைக்கு இங்கிலீஷ்தான் தெரியும், அவருக்குப் போர்த்துக்கீசியம்தான். நடுவில் நின்று பேசவேண்டிய மனிதர் காய்ச்சலில் விழுந்து சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இங்கே யாருக்காவது போர்த்துக்கீசியம் தெரியுமா?" என்று எங்கள் தலைமைக் கிராணி கேட்டு வாய் மூடுமுன் என் கை மேலே போய்விட்டது.

பொய்யில்லை. நாங்கள் புலாவ் தீக்குஸில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். அடுத்த வீடு மலாக்காவிலிருந்து வந்த சட்டைக்காரக் குடும்பம். போர்த்துக்கீசிய வம்சம், வீட்டுக்குள் அந்தப் பழைய பேச்சுத்தான். அந்த வீட்டுப் பையன்களோடு நான் பாதி நாள் அவர்கள் அடுக்களையில்தான் வளர்ந்தேன். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்தது மூன்று: சமையல், சண்டை, ஜெபம். இதை வைத்துக்கொண்டு கம்பெனி வியாபாரம் பேச முடியாது என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

"இந்த மண் நம் மண்ணைவிட எப்படி என்று கேள்" என்றார் துரை. மண்ணுக்கு எனக்குத் தெரிந்த வார்த்தை பூந்தொட்டி மண்தான். அதையே போட்டுக் கேட்டேன்.  பிரேசில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் பேச்சைக் கேட்டால் தங்கள் ஊர்ப் பழைய கோயில் சுவர் எழுந்து வந்து பேசுவதுபோல இருக்கிறதாம். அவர் பேச்சு எனக்கும் பாதிதான் பிடிபட்டது. ஆனால் மீதியைக் கையும் முகமும் பார்த்துக்கொண்டன. இரண்டு நாளில், துரைக்கு வேண்டிய பதிலை எப்படியோ தேற்றிக் கொடுத்துவிட்டு, எங்களுக்குள் வேறு கதை பேசும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

பெரிய தோட்டங்களைப் பார்த்து முடித்ததும், சின்ன நிலக்காரர்கள் எப்படி நடுகிறார்கள் என்று ஒரு இடம் பார்க்கவேண்டும் என்றார் துரை. அக்காவின் தோட்டத்தைச் சொன்னேன். மச்சானுக்கும் கம்பெனி வாயாலேயே உண்மையைக் கேட்டுவிடவேண்டும் என்றிருந்தது. சனிக்கிழமை காலை ஃபெரியில் அக்கரை போய், வாடகைக் காரில் சுங்கை பாக்காப் போனோம். வழியெல்லாம் துரை கம்பெனியின் பலத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை மைல் நிலம், இத்தனை டிராக்டர், சொந்தத் துறைமுகம். "உங்கள் மலாயாவுக்கு முன்னாலேயே ஓடத் தொடங்க வாய்ப்புக் கிடைத்தது, அவ்வளவுதான். எங்களோடு எத்தனை நாள் ஓடிவிடமுடியும்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேசில்காரர் ஜன்னல் வழியே இரண்டு பக்கமும் ஓடிய ரப்பர் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பார்வை மேலேயே இருந்தது. அடிமரத்தை அவர் பார்க்கவேயில்லை, இலையைத்தான் பார்த்தார். அது ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அக்கா வீட்டு வாசலில் இறங்கிய பிரேசில்காரர் அப்படியே நின்றுவிட்டார். வேலியோரம் அன்னாசி. கிணற்றடியில் முந்திரி மரம். ரப்பர் வரிசைகளுக்கு நடுவே மரவள்ளி. ஒவ்வொன்றாகக் கைகாட்டி, "இது எங்கள் வீட்டில். இதுவும் எங்கள் வீட்டில். இதுவும்" என்றார். யாரோ தன் வீட்டைத் தூக்கிவந்து இங்கே வைத்துவிட்டதுபோலத் திகைத்துப்போயிருந்தார். பிறகு ஒரு கிளையை வளைத்து, ரப்பர் இலை ஒன்றைக் கிள்ளி, புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். இன்னொன்று. மறுபடி இன்னொன்று. கடைசி இலையைத் தொப்பி நாடாவில் செருகிக்கொண்டார்.

துரைக்கு என்று கோழிக்கறியும் வெள்ளைச் சோறும் முன்னறையில் மேசை போட்டு வைத்திருந்தாள் அக்கா. துரை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு மச்சானை அழைத்துக்கொண்டு மரங்களின் சுற்றளவை அளக்கப் போய்விட்டார். பிரேசில்காரர் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். நேராக அடுக்களை வாசலில் போய் நின்றார். அங்கே அடுப்பில், வீட்டு ஆட்களுக்கென்று அவித்த மரவள்ளிக் கிழங்கு இருந்தது.

அக்கா பதறிவிட்டாள். "ஐயோ, இதப் போயா தொரைக்குக் குடுப்பாங்க? வேணான்னு சொல்லுடா."

"அவரு தொரை இல்லக்கா. அவங்க ஊருச் சோறே இதுதானாம்."

"அப்ப ஒக்காரச் சொல்லு. ஒறைக்கும்னு மொதல்லயே சொல்லிரு. அப்புறம் என்னைத் திட்டப்போறாரு."

பலகையைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தட்டில் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் வைத்தாள். அவர் சாப்பிட்டதைப் பார்த்தால் வீட்டைவிட்டு வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்கவே வேண்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. சட்னியால்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்தேன். உடனே சிரிப்பு போய்விட்டது.

"நல்லாச் சாப்பிடட்டும். அடுத்த வாரம் இந்தக் கெழங்கும் நம்மது இல்ல, அடுப்பும் நம்மது இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அக்கா என்ன சொல்கிறார் என்று பிரேசில்காரர் என்னைக் கேட்டார். சந்தை, பங்கு, போட்டி, எதற்கும் என்னிடம் வார்த்தையில்லை. இருந்த வார்த்தைகளில் சொன்னேன்: "என் அக்கா. வீட்டை விற்கிறாள். மரத்தை விற்கிறாள். பயம். உங்கள் வீட்டு மரத்தைக் கண்டு பயம்."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். துரையின் குரல் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தட்டில் மிஞ்சிய கிழங்குத் துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்கும்படி நெருக்கமாக அடுக்கினார். முதல் துண்டில் விரலால் சட்னியைத் தொட்டு வைத்தார். விரல் அங்கிருந்து அடுத்த துண்டுக்கு, அடுத்ததற்கு என்று இழுத்துக்கொண்டே போனது. தட்டு முழுக்கச் சிவந்தது.

"எங்கள் மரத்துக்கு நோய்" என்றார், எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக. "இலை கறுக்கும். விழும். புது இலை வரும். அதுவும் விழும். பிள்ளைக்கு அம்மை வருகிற மாதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வரும்." அப்புறம் இரண்டு துண்டை மட்டும் எடுத்துத் தட்டின் இரு ஓரத்தில் வைத்தார். "காட்டில் ஒரு மரம் இங்கே, ஒரு மரம் அங்கே. நோய்க்கு வழி தெரியாது. தோட்டத்தில் எல்லாம் பக்கத்து வீடு." தொப்பியிலிருந்த இலையைத் தொட்டுக் காட்டினார். "இங்கே இலை சுத்தம். நோய் கடல் தாண்டவில்லை. நான் பார்த்தேன், எல்லா இடத்திலும். கம்பெனி பெரியது. பணம் பெரியது. இலை இல்லை. அக்காவிடம் சொல். விற்கவேண்டாம்."

நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். கேட்டுமுடித்ததும் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி தோட்டத்தைப் பற்றியதில்லை. "இதச் சொன்னதுக்கு இவரு வேலைக்கு ஒண்ணும் ஆகிறாதே?"

அதை மொழிபெயர்ப்பதற்குள் துரை வாசலில் வந்து நின்றார். "என்ன அவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்?"

"சட்னி எப்படி அரைப்பது என்று கேட்கிறார், சார்."

"அவனுக்கு எப்போதும் வயிறுதான்" என்றார் துரை. பிரேசில்காரர் சிவந்த தட்டை ஒரு விரலால் வழித்து நக்கிச் சுத்தமாக்கிவிட்டு எழுந்தார்.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு ஃபெரி வரை போய் வழியனுப்பிவிட்டு, நான் மறுபடி அக்கா வீட்டுக்கே திரும்பினேன். மச்சான் நம்பவில்லை.

"எந்தக் கம்பெனி ஆளாவது சொந்தக் கம்பெனியக் காட்டிக்குடுப்பானா தம்பி? இதுல என்னமோ இருக்கு."

"நாம விக்காம இருந்தா அவருக்கு என்ன லாபம் மச்சான்?"

 மச்சான் நிலப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சாயங்காலம் முழுக்கக் கணக்குப் போட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த அக்கா, சேலையை மாற்றிக்கொண்டு மரத்தடியில் புல் பிடுங்க உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் மச்சான் பத்திரத்தை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை தவுக்கே வந்தார், விற்கவில்லை என்று மச்சான் சொன்னதைக் கேட்டார், காப்பி குடித்தார், கோபப்படாமல் போனார்.

துரையும் பிரேசில்காரரும் கப்பல் ஏறும் நாளில் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அக்கா வறுத்துக் கொடுத்த மரவள்ளிச் சில்லுகள் ஒரு தகர டப்பா நிறையக் கையில். துரை என் கையைக் குலுக்கி, என் மொழிபெயர்ப்பு மிகவும் உதவியாக இருந்தது என்றார். பிரேசில்காரர் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "சட்னி?" என்று தமிழிலேயே கேட்டார். கப்பல் நகர்ந்ததும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அதில் அக்கா தோட்டத்து இலை சுருண்டு காய்ந்துபோய் இன்னும் இருந்தது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது உண்மை. ஆனால் அந்தச் சரிவு பிரேசிலிலிருந்து வரவில்லை. உலகம் முழுக்க வந்த மந்தத்தோடு வந்தது. சில வருஷம் அக்கா வீட்டில் மரவள்ளிதான் இரண்டு வேளையும். "ஒன் சிநேகிதரக் கூப்பிடு, சட்னியோட வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று மச்சான் என்னைக் கேலி செய்வார். ஆனால் நிலம் அவர்களுடையதாகவே இருந்தது. இன்று மரங்கள் பால் வெட்டில் இருக்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பிரேசிலில் இலை உதிர்கிற செய்தி எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது, அது எங்களுக்குப் பழைய செய்தி. இங்கிருந்து வாங்கிப்போன கன்றுகள் பிழைத்தனவா, அந்த மனிதருக்கு வேலை நிலைத்ததா, எதுவும் தெரியாது. பிரேசில் படம் இன்னும் என் கட்டிலுக்கு மேலேதான் இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் எந்த இடத்தில் அவர் வீடு என்று கேட்டுக்கொள்ளத் தோன்றாமல் போனதுதான் குறை.

அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கிளையை வளைத்து இலையைப் புரட்டிப் பார்க்கிறேன்; பச்சையாக, சுத்தமாக இருக்கிறது; ஒரு பெரிய கம்பெனி காத்துவைத்த ரகசியத்தை, ஒரு தட்டு மரவள்ளிக்கு முன்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கண்ணீருக்காக ஒருவர் சொல்லிவிட்டுப் போனார் என்பதை நினைத்தால், உலகத்தை நம்புவதற்கு எனக்கு இன்றும் அந்த ஓர் இலை போதுமானதாக இருக்கிறது.