பெரட்டுக் குரல்

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் நான் சேர்ந்த வருடம், தைப்பூசத்துக்கு விரதம் இருந்தேன். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. கையுறையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஷிப்ட் முடிகிறவரை நின்றபடியே பார்க்க வேண்டும். விரதம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் போனால் என் இடத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசர் வந்து கேட்டபோது, எங்கள் லைன் லீடர் தினேஸ்வரி, தனக்கு முழங்கால் வலி என்றும், அவ்வப்போது உட்காரத் தான்தான் எடுத்து வந்ததாகவும் சொன்னாள். விரதம் முடியும்வரை ஒருநாளும் அவள் அதில் உட்காரவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தினேஸ்வரியைத் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அவளுடைய சத்தத்தைத்தான்.

அவளுடைய அப்பா இராமசாமி, சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். மண்டோர் கூப்பிட்டால் ‘இருக்கேன்யா’ என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. பிறகு தோட்டத்தில் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஆட்கள் டவுனுக்கு வந்தார்கள். தினேஸ்வரி கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தாள். பெரட்டும் அவளோடு வந்துவிட்டது. அது வந்தது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

லைனில் நிற்கிற பெண்களை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு விறைத்து நிற்பார்கள். வேலையைச் சொல்வாள், ‘சரிங்கக்கா’ என்பார்கள், போய்விடுவாள். யாரும் எதிர்த்துப் பேசாததால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நம்பினாள். ஒருமுறை பெரிய அளவும் சின்ன அளவும் கலந்து பெட்டிகள் வெளியே போய், அத்தனையும் திரும்பி வந்தன. கலந்துவிட்டது என்று லைனில் பாதிப்பேருக்கு அன்றைக்கே தெரியும். அவளிடம் போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை. அப்போதும் அவள் திட்டியது பெட்டி கட்டிய பெண்களைத்தான்.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் முன்னமே தவறிவிட்டார். ஒரே மகள் ஷர்மினி. அவளைச் சிலிம் ரிவரில் பவித்ரன் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். ஷர்மினி அங்கே பாலர் பள்ளியில் ஆசிரியை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே என்று தினேஸ்வரி அறைக்குப் புதுச் சாயம் அடித்தாள். தொட்டில் வாங்கினாள். பத்தியத்துக்கு வேண்டிய மருந்துச் சாமான்களைக்கூட லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாங்கி டப்பாவில் போட்டு வைத்தாள். மகளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வளைகாப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஷர்மினி வாட்சப்பில் எழுதியிருந்தாள். பிரசவத்துக்கு மாமியார் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று.

வேலை விட்டுப் போகிற வேனில், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் பதிலைப் பேசி அனுப்பினாள். அவளுக்கு டைப் பண்ண வராது, எப்போதும் குரல்தான். அனுப்பிவிட்டு, சம்பந்தி முத்தம்மாதான் மகளை மயக்கி வைத்திருக்கிறாள் என்று என்னிடம் புலம்பினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டு, “நீயே கேளு அக்கா. நான் என்னா தப்பா பேசிட்டேன்? பாசமாத்தான லா கூப்பிட்டேன்” என்று அந்தப் பதிவையே போட்டுக் காட்டினாள். வேன் முழுக்கக் கேட்டது.

“ஷர்மினி. என்னா இது. ரூம ரெடி பண்ணிட்டேன், தொட்டில் வாங்கிட்டேன். வளைகாப்பு முடிஞ்ச கையோட கெளம்பி வர்ற. கேக்குதா. சரின்னு சொல்லு.”

முன்சீட்டில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தினேஸ்வரி கைப்பேசியைக் காதில் வைத்து இன்னொரு தரம் கேட்டாள். அவள் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்னப்பிள்ளை பயந்துபோனால் இருக்கிற முகம்.

“எங்கப்பா லா அது” என்றாள். “செத்து எத்தன வருசம் ஆச்சு. இங்க ஒக்காந்து பேசுறாரு.”

வீட்டிலும் அவர் அந்தக் குரலில்தான் கூப்பிடுவாராம். இவள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்பாளாம். வேன் மேரு டவுனைத் தாண்டும்போது கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். பிறகு, எப்போதுமே நான் இப்படித்தான் பேசுகிறேனா என்று கேட்டாள். நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் அப்படித்தான் என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் வேனில் என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் முருகனிடம் அவளுக்காக வேண்டிக்கொண்டேன், எனக்காகவும்தான். ஒருநாள் தானாகவே வந்து உட்கார்ந்தாள். இனிமேல் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒருதரம் முருகா என்று சொல்லப் போவதாகச் சொன்னாள். அந்த நேரத்துக்குள் வருவது தன் குரலா, அப்பா குரலா என்று தெரிந்துவிடுமாம். மகளுக்கு அனுப்புகிற பேச்சையும் முதலில் தான் கேட்டுப் பார்ப்பாள். முக்கால்வாசியை அழித்துவிடுவாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பல நேரம் திட்டி முடித்த பிறகுதான் முருகா வரும். லைனிலும் விஷயம் பரவிவிட்டது. ஃபோர்க்லிப்ட் ஓட்டும் யுகேந்திரன், “அக்கா முருகாங்குது, எல்லாரும் ஒளிஞ்சுக்குங்க லா” என்று கத்துவான். “டேய், நான் சாமிய கூப்புடுறதே ஒன்னய காப்பாத்தத்தான்டா” என்பாள் அவளும். சிரிப்பார்கள். அந்த லைனில் சிரிப்பு வந்ததே புதுசு. பிறகு ஒருநாள் கௌசிகா என்ற சின்னப்பெண், அளவு மாற்றிப் போட்டுவிட்டேன் அக்கா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாக அவளிடம் வந்தாள். தினேஸ்வரி அந்தப் பெட்டியை வாங்கி, அவளோடு நின்று அளவு பிரித்துப் போட்டாள். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம், தப்பு பண்ணினவள் என்னைத் தேடி வந்தாள் பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆனால் அவள் நெஞ்சை அறுத்தது மகள் விஷயம்தான். குரலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மகள் மனசு மாறி வந்துவிடுவாள் என்ற ஆசை அவளுக்கு உள்ளே இருந்தது. அதையும் அவளே கண்டுபிடித்தாள். இதுவும் பெரட்டுதான் அக்கா, மெதுவாகக் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள். அந்தப் பேச்சு என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி சிலிம் ரிவர் போனாள். அங்கே நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். முத்தம்மா தேத்தண்ணி கலக்கப் போன நேரம், மகளிடம், உனக்கு எது நல்லா இருக்கும் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாளாம். ஷர்மினி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு தரம் பேச்சு தொண்டைவரை வந்துவிட்டதாம், விழுங்கிவிட்டாளாம். கடைசியில் மகள் வாய் திறந்தாள்.

“அம்மா, அங்க எனக்குத் தூக்கம் வராதும்மா. நீங்க எப்ப கூப்பிடுவீங்களோன்னு படுத்திருந்தாலும் காதைத் தீட்டிக்கிட்டே இருப்பேன். சின்னதுலேருந்து அப்படித்தான்.”

அதைக் கேட்டதும் உன்னை வளர்க்க நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா என்று கேட்க வாய் வந்ததாம். கேட்கவில்லை. “எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு, எங்கப்பாகிட்ட” என்றாளாம். அதன் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள். இங்கேயே இரும்மா, உனக்கு நல்லாத் தூக்கம் வரணும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் தொட்டிலையும் மருந்து டப்பாக்களையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். முத்தம்மா வாசலிலேயே, “சம்பந்தியம்மா சத்தமில்லாம வந்தா எனக்கு பயமா இருக்கு லா, கொஞ்சம் கத்துங்க” என்றாளாம். முத்தம்மாவை மனசுக்குள் எத்தனை திட்டியிருப்பேன் என்று தினேஸ்வரி வெட்கப்பட்டுச் சொன்னாள்.

பெண் குழந்தை பிறந்தது. வாராவாரம் போனாள். துணி அலசினாள், பத்தியக் கறி வைத்துக் கொடுத்தாள். சமையலறையில் முத்தம்மா சொன்னபடி கேட்டாள், அது அவளுக்குச் சுலபமாக இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஷர்மினிக்கு விடுப்பு முடிகிற சமயம் ஒரு குரல் பதிவு வந்தது. அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். “அம்மா, நான் வேலைக்குப் போகணும். அத்தைக்குப் பிள்ளையத் தனியாப் பாத்துக்க முடியாது. நீங்க இங்கயே வந்துடுறீங்களா?” அவ்வளவுதான் அதில் இருந்தது. அவள் அன்றைக்கெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வேலையை விட்டாள், வீட்டைக் காலி செய்தாள். ஈப்போ ரயில் நிலையத்தில் நான் அவளை வழியனுப்பப் போயிருந்தேன். கல்லுமலை முருகன் கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்று கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அங்கே போயும் அப்பா வந்துவிட்டால் என்ன பண்ணுவது என்று கேட்டாள். வரத்தான் செய்வார், வந்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் போனில்தான் பேசுகிறோம், நேரில் பார்க்க இன்னும் அமையவில்லை. அன்றைக்கு ரயில் வந்து, ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“போன்ல பேசுறப்ப என் சத்தம் ஏறிச்சுன்னா சொல்லிடு அக்கா. எனக்கு கோவம் வரும். வந்தாலும் சொல்லு.”