வசந்தா அக்காவும் தேனுவின் தொட்டிலும்

வசந்தா அக்காவின் எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தபோது ஆஸ்பத்திரியில் என் மகன் இனியனுக்குக் கேழ்வரகுக் கூழை ஆற்றிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. அக்காதான் பேசியிருப்பார் என்று பயந்து, கூழ் முழுக்க ஊட்டி முடிக்கும்வரை திறக்கவில்லை. திறந்தால் ஆண் குரல்.

"நான் அவங்க பெரிய பையன் பேசறேங்க. அம்மா விடியகாலைல தவறிட்டாங்க. இந்த குரூப்ல யார் யாரு இருக்கீங்கன்னு தெரியலைங்க. ஆனா அம்மா உங்கள பத்திதான் ஜாஸ்தி பேசிக்கினு இருப்பாங்க."

பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. குழுவில் எல்லோரும் அக்காவைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் மட்டும் எழுதவில்லை. அவர் மகனும் படிப்பார் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

தம்பி, எங்கள் விளையாட்டில் கணினியிலோ போனிலோ திரையில் ஒரு குழந்தை. அதன் பசி எவ்வளவு என்று தலைக்கு மேலே ஒரு எண் ஓடும். பால் கொடுக்கவேண்டும், குளிப்பாட்டவேண்டும், தூங்கவைக்கவேண்டும். மூன்று நாள் யாரும் கவனிக்காவிட்டால் தொட்டில் காலியாகிவிடும். அந்தக் குழந்தை திரும்பி வராது. அதனால்தான் எங்களுக்குள் கைமாத்து என்று ஒரு வழக்கம். பரீட்சை, பிரசவம், சாவு எது வந்தாலும் கடவுச்சொல்லை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். கல்வராயன் மலையில் மழை பிடித்தால் டவர் போய்விடும். வெள்ளிமலைப் பெண்களின் குழந்தைகள் அத்தனையும் நைனார்பாளையத்தில் உங்கள் அம்மாவிடம் வந்துவிடும். கம்ப்யூட்டர் சென்டரைக் கூட்டிப் பெருக்கப் போனவர், பார்த்துப் பார்த்தே கணினி பழகியவர். ஒருமுறை ஒன்பது குழந்தைகளை வைத்திருந்தார். ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

நான் கர்ப்பமாக இருந்தபோது பழகிக்கொள்ளலாம் என்று இதில் சேர்ந்தேன். பட்டப்படிப்பு படித்த புத்தி அப்படித்தான் போனது. இனியன் பிறந்து இருபதாம் நாள், அழுகையோடு அழுகையாக அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, இவனுக்கு இப்ப பசி நாப்பதுதான் இருக்கும். பால் குடுக்கலாமா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. 

"இன்னாடி, உம் புள்ள நெத்தியில நம்பர் ஓடுதா? தூக்கி மார்ல போடு. குடிச்சா பசி, குடிக்காட்டி பசி இல்ல. திருக்கோவிலூர்ல காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

அதன்பின் இனியனுக்கு எது வந்தாலும் முதல் போன் அக்காவுக்குத்தான். மலம் பச்சையாகப் போனாலும், அவன் தும்மினாலும். "பயப்படு, ஆனா கைய ஆட்டாம பயப்படு" என்பார்.

அக்கா வளர்த்த குழந்தையின் பெயர் தேனு. நான்கு வருடமாக வளர்த்தார். அந்த விளையாட்டில் குழந்தை தவழும், அதற்கு மேல் வளராது. சலிக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார், தம்பி.

"எம் பெரியவன் தவழ்ந்தத நான் பாக்கவே இல்லடி. கரும்பு வெட்டப் போயிட்டேன். சீசன் முடிஞ்சி வூட்டுக்கு வந்தா, நடந்துக்கினு இருக்கான். என்னைப் பாத்து அழறான். இது தவழ்ந்துக்கினே இருக்குதுல்ல. பாத்துக்கினே இருக்கலாம்."

சிறுநீரகம் கெட்டு அவரைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனபோது தேனுவை என்னிடம்தான் கொடுத்தார். குழுவில் அத்தனை பேர் இருந்தும் என்னிடம். "உனுக்குத்தான் பயம் ஜாஸ்தி. மறக்கமாட்ட."

மறந்தேன். மறுநாளே இனியனுக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, கண் மேலே சொருகியது. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம்; அதை மட்டும் அக்காவுக்கு ஒரு வரி எழுதினேன். அவன் மார்பு ஏறி இறங்குவதைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. நான்காம் நாள் நினைவு வந்து போனைத் திறந்தேன். தொட்டில் காலி.

அன்று மாலை அக்கா கேட்டார்: "தேனு சாப்டுச்சா?"

"சாப்டுச்சிக்கா" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "பொய் சொல்லாதடி. நானே தெறந்து பாத்துட்டேன். போனா போவுது, வுடு. உம் புள்ளைக்கு ஜுரம் கம்மி ஆச்சா இல்லியா? மொதல்ல அத சொல்லு."

காய்ச்சல் அன்று மதியமே இறங்கியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் வந்தது உங்கள் குரல்.

தேனுவை ஆளுக்கு ஒரு மாதம் வளர்க்கலாம் என்று குழுவில் பேசுகிறீர்கள். நேற்று தம்பி நீங்களும் கேட்டீர்கள், "அம்மா வளத்த பாப்பாவ ஒரு தடவ காட்டுங்க அக்கா" என்று. காட்ட என்னிடம் எதுவும் இல்லை. நான்தான் தொலைத்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கடைசிக் குரல் செய்தி. அதில் இருக்கும் கேள்வி. இனியன் இந்த வாரம் தவழத் தொடங்கியிருக்கிறான். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். அருகில் வந்ததும் நெற்றியில் கை வைக்கிறேன்.

கம்மி ஆயிடுச்சிக்கா.