வலைமேல் பட்ட செருப்பு

கடற்கரைக் கோயிலில் கைடு சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. சுற்றுலா வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்பதே கவலை. அடுத்து மீனவர் குப்பம். கைடு பின்னாலேயே ஓடுகிறவன், மணலில் காயும் வலையைச் செருப்போடு மிதித்துவிடுகிறேன்.

கருவாடு காயப்போடும் அம்மா கத்துகிறார். "இன்னா அண்ணாத்த, செருப்போட வலைய மிதிக்கிற? கடலுக்குப் போனவனுக்கு ஆவாதுன்னு தெரியாது? எம் மவன் இன்னும் கடல்லதான் கீறான்!"

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். "தெரியாம மிதிச்சிட்டேம்மா. எப்ப வருவாரு?"

"வர்ற நேரந்தான். நீ கெளம்பு, வேன்காரன் ஹாரன் அடிச்சிகினு கீறான்."

கால் நகர மாட்டேன் என்கிறது. கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தூரத்தில் ஒரு நீலப் படகு தெரிகிறது.

"தோ, அவன்தான்!" அந்தம்மா சிரிக்கிறார். "பெத்தவ நானே கம்முனு கீறேன். இப்பவாச்சும் போறியா?"

மறுபடி ஹாரன்.

"கரை ஏறட்டும்மா" என்கிறேன்.