சத்தம் வராத காய்

காரைக்கால் கடற்கரைப் பங்களாவின் தோட்டக்காரர் ஒல்லியான மனிதர். மழை விட்டதும் பின்பக்கத் திடலைக் காட்டுப்பூக்களுக்கே விட்டுவிடுவார். தும்பையும் கிலுகிலுப்பையும் மண்டும். கிலுகிலுப்பைக் காயைக் காதருகே ஆட்டி, உள்ளே விதை முத்திக் குலுங்கினால்தான் அரிவாளை எடுப்பார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய சமயம். மறுநாள் புது அதிகாரி வருகிறார் என்று, பங்களா குமாஸ்தாவான நான் திடலை அறுக்க நாலு ஆட்களோடு போனேன். தோட்டக்காரர் குறுக்கே நின்றார். ஒரு காயைப் பறித்து என் காதருகே ஆட்டினார்.

"சத்தம் வருதுங்களா?"

"வரல."

"பத்து நாள் பொறுங்க. இப்ப அறுத்தா அடுத்த வருஷம் பூ இருக்காது."

"அறுக்காட்டி என் வேலை போயிடுங்க."

என் முகத்தையே பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார்.

அதிகாரி வாசலோடு திரும்பிவிட்டார். மறு வருடம் திடலில் கோரைதான் முளைத்தது. தோட்டக்காரர் வழக்கம்போல் எனக்கு வணக்கம் வைத்தார். என்னைக் கோபமாய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.