சந்தனப் பொட்டு வைத்த பச்சை பஸ்

பொம்மைக் கடை அலமாரியில் ஒரு பச்சை பஸ்ஸைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, உனக்கே ஒரு பையன் இருக்கிறான், இன்னுமா அதை மறக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவருடைய பஸ்ஸாக இருந்தால் தெரிந்திருக்கும்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சின்ன வயதிலிருந்தே பொம்மை பஸ்ஸும் லாரியும் சேர்ப்பவர். ஓசூர் தேர்த் திருவிழா, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி என்று எங்கே போனாலும் மற்றவர்கள் பொரியும் வளையலுமாகத் திரும்புவார்கள், இவர் ஒரு பஸ்ஸோடு வருவார். சாவி கொடுத்தால் ஓடும் தகர பஸ், பின்னால் இழுத்து விட்டால் பாயும் லாரி, கர்நாடகத்துச் சிவப்பு, நம் ஊர்ப் பச்சை, எல்லாம் இருந்தன. கல்யாண வயசில் பொம்மை சேர்க்கிறானே என்று தெருவே கேலி பேசியது. அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவியதும் துணியை எடுத்துக்கொண்டு பஸ்களைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார்.

நாங்கள் வீடு மாறியபோதுதான் சிக்கல் வந்தது. பாகலூர் ரோட்டில் கிடைத்த வாடகை வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் மாமாவோடு சேர்த்து ஐந்து பேர். "நாங்க படுக்கறதா, உன் பஸ்ஸு படுக்கறதா?" என்று அம்மா கேட்டுவிட்டார். அதே ரோட்டில் பொம்மைக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், மாமாவுக்கு நல்ல பழக்கம். "எங் கடை ஷோகேஸ்ல வெய்யப்பா. யாராச்சும் கேட்டா வித்துக் குடுக்கறேன். கேக்கலேன்னா உன் பொருளு உன்னுதுதான்" என்றார்.

மாமா அரை மனசாகச் சம்மதித்தார். ஒரே ஒரு பச்சை பஸ்ஸை மட்டும் யார் கேட்டாலும் விற்கக் கூடாது என்று சொல்லி வைத்தார். அது எனக்கு. "வீட்ல எடம் வர்ற வரைக்கும் அங்க பத்திரமா நிக்கட்டும் கண்ணு" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். மூக்குத் தடத்தைத் துடைத்துக்கொண்டே கடைக்காரர், "உன் பஸ்ஸு எங்கியும் போகலம்மா" என்பார்.

பஸ் போகவில்லை, கடைக்காரர்தான் போனார். பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறேன் என்று கடையை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார். புதுக் கடைக்காரரின் அண்ணன்தான் மாமாவின் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். யாரைப் பெர்மனென்ட் பண்ணலாம் என்று கம்பெனி அவரைத்தான் கேட்குமாம். வீட்டில் அடிக்கடி பேசிக்கொள்வார்கள், அதனால் எனக்கும் தெரியும். தெரிந்த மனுஷராயிற்றே, கேட்டவுடன் கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

புதியவர் ஆயுத பூஜையன்று கடையைத் திறந்தார். அன்று காலை மாமாவின் கம்பெனியிலும் பூஜை. அங்கே பெர்மனென்ட் ஆட்களுக்கு ஸ்வீட் பெட்டியும் எவர்சில்வர் பாத்திரமும் கொடுப்பார்கள், காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பொரிப் பொட்டலம். மாமா பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்களைக் கேட்டு வாங்கி வர என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம் காலி அட்டைப்பெட்டியை நான்தான் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன்.

மாமா சொன்னதையெல்லாம் புதுக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "பூஜையில வெச்ச சாமான இன்னிக்கு எடுக்கக் கூடாது தம்பி. நாளைக்கு வா. வந்ததே வந்த, இதக் கொஞ்சம் புடி" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். மாமாவும் வாங்கிக்கொண்டார். பூஜை நேரத்தில் ஒருவர் கிண்ணத்தை நீட்டினால் மாட்டேன் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. கல்லாப்பெட்டி, கால்குலேட்டர், ஷட்டர் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்த கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். என் பச்சை பஸ்ஸுக்கும் வைத்தார். மாமா கிண்ணத்தோடு கூடவே நகர்ந்தார். நிஜ பஸ்ஸுக்கு வைப்பது போலவே வைக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அம்மாவும் எங்களோடு வந்தார். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"கடைய உள்ள இருக்கறதோட சேத்துத்தாம்மா வாங்குனேன். நேத்து எல்லாத்துக்கும் பூஜையும் போட்டாச்சு. உன் தம்பிதான சந்தனம் புடிச்சான்? அவன் பொருளா இருந்தா அப்பவே வாயத் தொறந்திருக்க மாட்டானா?"

வாயைத் திறந்துதானே கேட்டார்! நான் பக்கத்தில் பெட்டியோடு நின்றேனே! பொட்டு வைத்தால் பொருள் சொந்தமாகிவிடும் என்றால், ரோட்டில் நிற்கிற லாரிக்கெல்லாம் பொட்டு வைத்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமே. இதெல்லாம் இப்போது வாயில் வருகிறது. அன்று "அது என் பஸ்ஸு" என்று கத்த மட்டும்தான் தெரிந்தது. அவர் ஒரு பிளாஸ்டிக் விசிலை எடுத்து, "இந்தா கண்ணு, அழாத" என்றார். நான் அழவே இல்லை.

அம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. அங்கேயே நின்று பழைய கடைக்காரருக்குப் போன் போட்டார். எல்லாம் சொல்லித்தான் கடையைக் கொடுத்தேன் என்றார் அவர். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார் இவர். இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் பெரியவர் "பிடம்மா, பிடு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். விட்டுவிடு என்று அர்த்தம். அவருக்கென்ன, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர்.

"அப்ப நான் போலீசுக்குப் போறேன்" என்று அம்மா குரலை உயர்த்தினார். கடைக்காரர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "நேத்துகூட அண்ணங்கிட்ட உன்னப் பத்தித்தான் தம்பி பேச்சு. நல்ல பையன், பெர்மனென்ட் பண்ணலாம்னு சொன்னாரு."

பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது இவர் ஏன் அண்ணனை இழுக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மாமா அம்மாவின் கையைப் பிடித்தார். "வாக்கா, போலாம். பொம்மைதான."

பொம்மைதானாம்! தினமும் துடைத்து வைத்தவர் சொல்கிற பேச்சா அது? அம்மா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு படியிறங்கினார். காலிப் பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன்.

அன்றே மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஒருநாள் என் பஸ்ஸில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. இன்னொரு நாள் பஸ்ஸையே காணோம். மாமா கம்பெனி பஸ் பிடிக்க அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டு, பின் தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாமா பொரிப் பொட்டலம் கொண்டு வரவில்லை. ஸ்வீட் பெட்டியும் எவர்சில்வர் தூக்கும் கொண்டு வந்தார். அம்மா தூக்கை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமான நாளில் அம்மா ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"என் பஸ்ஸ விட்டுக்குடுத்தவங்க ஸ்வீட்டு எனக்கு வேணாம்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். வேலை தெரிந்தவனுக்கு வேலை கொடுக்க, அவன் சின்ன வயதிலிருந்து சேர்த்ததைப் பிடுங்கிக்கொண்ட அந்த அண்ணன் தம்பிகளை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று என் கோபமெல்லாம் மாமாவின் மேல்தான் இருந்தது. அவர் தலை மறைந்ததும் பெட்டியைத் திறந்து மைசூர்பாகு முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். அந்தப் பெட்டிக்காகத்தான் பஸ்கள் போயின என்று அப்போது எனக்குத் தெரியாது.